அரை மில்லிமீட்டர் சதுரத்தைத் தேடி ஹாம்பர்கில் ஒரு பீம் வாரம்

ஞாயிறு, ரயிலில்

நாளை காலையிலிருந்து அடுத்த திங்கள் காலை வரை ஹாம்பர்க் டெசி துகள் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு பீம் தடம், அதாவது துகள் கற்றை வரும் ஒரு வழி, எங்கள் குழுவுக்கு. ஜெனீவாவில் ஏறி, பாசலில் வண்டி மாறி, இப்போது ஃபிராங்க்ஃபர்ட் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருக்கிறேன், வெளியே ஒரே மழை. பெரிய சாமான்களெல்லாம் வேனில் நேற்றே கிளம்பிவிட்டன. என் மடியில் இருப்பது சிப்கள் மட்டும். ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் சதுரம், ஒரு சின்ன சர்க்யூட் போர்டின் நடுவில் ஒட்டி, சுற்றிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அலுமினியக் கம்பிகளால் இணைத்திருக்கும். அந்தக் கம்பிகளில் விரல் பட்டால் சிப் அத்தோடு சரி. அதனால் டப்பாவை மேலே தட்டில் வைக்க மனசு வரவில்லை.

இதெல்லாம் எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இருக்கும், துகள்களை மோதவிடும் பெரிய ஹாட்ரான் மோதுவியில் அலிஸ் என்று ஒரு சோதனை உண்டு. அதன் மையத்தில், துகள்கள் மோதும் இடத்தைச் சுற்றி ஏழு அடுக்குச் சிலிக்கான் சிப்கள், மொத்தம் சுமார் 10 சதுர மீட்டர், 1,250 கோடி பிக்சல்கள். மோதலில் பிறக்கும் மின்னூட்டத் துகள் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகும், புள்ளிகளைச் சேர்த்தால் தடம். தடங்களைப் பின்னோக்கி நீட்டினால் துகள் எங்கே பிறந்தது என்று தெரியும். லாம்ப்டா-சி என்று ஒரு துகள் இருக்கிறது, அதன் சராசரி ஆயுளை ஒளி வேகத்தால் பெருக்கினால் வருவது வெறும் 60 மைக்ரான், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது பிறந்த இடத்தையும் சிதைந்த இடத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றால் இந்த அடுக்குகளெல்லாம் சேர்ந்த டிராக்கர் சில மைக்ரான் துல்லியத்தில் அளந்தாக வேண்டும்.

இதில் என்னைப் பல வருடமாக விடாமல் பிடித்துவைத்திருக்கும் விஷயம் ஒன்று உண்டு. அலிஸின் உள் அடுக்குகளில் துகள் கடந்து போகும் பொருளில் சிலிக்கான் ஏழில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் குளிர்நீர்க் குழாய், கார்பன் தாங்கி, மின்கம்பி. அளப்பது அந்த ஒரு பங்கு, அளவைக் கெடுப்பது மற்ற ஆறு பங்கு. அந்த ஆறையும் கழற்றிப் போடத்தான் ஐ.டி.எஸ்-3 என்ற புது டிராக்கர். நாங்கள் எடுத்துப் போகும் சிப், அதே 65 நானோமீட்டர் தொழில்நுட்பத்தைச் சோதிக்கச் செய்த குட்டி சிப்.

திங்கள்

ஓட்மார்ஷன் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்து டெசிக்கு. 1959-இல் தொடங்கிய ஆய்வகம். இங்கே பெட்ரா என்ற முடுக்கியில்தான் 1979-இல் குவார்க்குகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் குளுவானைக் கண்டார்கள், மூன்று கொத்தாகப் பிரிந்து போன தடங்களைப் பார்த்து. அப்போது தடம் பார்த்தது வாயுவும் கம்பியும் நிரப்பிய அறைகளில். சிலிக்கான் சென்சாரைச் சீராக, நம்பி வாங்கும் தரத்தில் செய்ய முடியும் என்று மியூனிக்கில் யோசெஃப் கெம்மர் காட்டியது அதற்கு அடுத்த வருடம். இரண்டும் இவ்வளவு கிட்டக்கிட்ட நடந்தவை என்பதை இந்த வாசலில் நுழையும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் இடம் இரண்டாம் ஹால். கான்கிரீட் பாளங்களை அடுக்கிக் கட்டிய சுவர்களுக்கு உள்ளே பீம், வெளியே ஒரு கேபின், அதில் நாங்களும் கணினிகளும். பீம் வரும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. டெசி-2 என்ற 293 மீட்டர் சுற்றளவு வளையத்தில் எலக்ட்ரான்கள் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்ரா-3 என்ற எக்ஸ்ரே மூலத்துக்கு எலக்ட்ரான் ஊட்டுவதுதான் அந்த வளையத்தின் முதல் வேலை, நமக்குக் கிடைப்பது ஓரத்தில் சிந்துவது. ஓடும் கற்றையின் விளிம்பில் 7 மைக்ரான் தடிமனுள்ள ஒரு கார்பன் இழையை நீட்டுகிறார்கள். அதில் உரசும் எலக்ட்ரான் ஒரு காமா ஒளித்துகளை உமிழும், அது வெளியே வந்து ஓர் உலோகத் தகட்டில் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானுமாகப் பிரியும், அப்புறம் ஒரு காந்தம் நமக்கு வேண்டிய ஆற்றலை மட்டும் பிரித்து அனுப்பும். 1-லிருந்து 6 கிகா எலக்ட்ரான்வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை எது வேண்டுமோ கேபினில் உட்கார்ந்தபடியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆற்றல் கூடக் கூட வரத்து குறையும். வளையத்தின் ஆற்றல் நொடிக்கு 12.5 முறை ஏறி இறங்குகிறது, 0.45-இல் தொடங்கி 6.3 வரை. நமக்கு 5 வேண்டுமென்றால் வளையம் 5-க்கு மேல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும்தான் துகள் கிடைக்கும். 5-தான் எடுக்கப் போகிறோம், ஏன் என்று நாளைக்குச் சொல்கிறேன்.

பாதுகாப்புப் பயிற்சி, கையெழுத்து, சாவி. உள்ளே யாரும் இல்லை என்று ஒவ்வொரு மூலையாக நடந்து பார்த்து, பட்டனை அழுத்தி, வெளியே வந்து கதவைப் பூட்டி, சாவியை அதன் இடத்தில் போட்டால்தான் பீம் திறக்கும். இந்தச் சடங்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை வருமோ தெரியாது, ஒரு ஸ்குரூவை அரைத் திருகு திருப்ப வேண்டும் என்றாலும் முழுதாகச் செய்தாக வேண்டும். அதில் எனக்கு ஒரு சலிப்பும் இல்லை.

குழுவில் புதிதாக ஒரு மாணவர், திருநெல்வேலிப் பக்கம், பிஎச்.டி. தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. "அக்கா, இவ்ளோ பெரிய ஹால்ல இத்துனூண்டு சிப்ப எப்படிக்கா கண்டுபிடிக்கப் போறோம்?" என்று கேட்டான். சரியான கேள்வி.

செவ்வாய்

இன்று முழுக்க டெலஸ்கோப், வானம் பார்ப்பதல்ல, துகளின் பாதை பார்ப்பது. ஆறு சிப்கள் வரிசையாக நிற்கும், மூன்று முன்னால், மூன்று பின்னால், நடுவில் நாம் சோதிக்கும் சிப். ஆறும் சேர்ந்து ஒவ்வொரு எலக்ட்ரானின் பாதையையும் சொல்லும், அந்தப் பாதை நம் சிப்பில் எந்த இடத்தில் குத்துகிறது என்று கணக்குப் போட்டு, நம் சிப் உண்மையில் அங்கே சிக்னல் கொடுத்ததா என்று பார்ப்போம். டெசியில் ரொம்ப காலம் மிமோசா-26 சிப்கள் வைத்த டெலஸ்கோப்தான், உலகத்தில் பாதி டிராக்கர் குழுக்கள் அதில் வேலை பார்த்திருக்கும். இப்போது நாங்கள் எடுத்திருப்பது ஆல்பைட் சிப்கள் வைத்தது. ஆல்பைட் என்பது அலிஸில் இப்போது ஓடுகிற அதே சிப், 50 மைக்ரான் தடிமன்.

சிப்கள் எல்லாம் வெளிச்சத்துக்கும் சிக்னல் கொடுக்கும், அதனால் கறுப்புத் துணி போட்டு மூடிவிட்டுத்தான் பீம் கேட்கிறோம்.

சரி, ஆற்றல் விஷயம். எலக்ட்ரான் சிலிக்கானுக்குள் நேர்கோட்டில் போவதில்லை. தேர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் நடப்பவர் இந்தத் தோளில் ஒரு இடி, அந்தத் தோளில் ஒரு இடி வாங்கி, கடைசியில் நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போய் வெளியே வருவாரே, அப்படி. 5 கிகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் ஒரு 50 மைக்ரான் சிப்பைத் தாண்டினால் அதன் திசை சராசரியாக 0.045 மில்லிரேடியன் திரும்பும். ரொம்பச் சின்னக் கோணம்தான், ஆனால் 10 சென்டிமீட்டர் போவதற்குள் அது நாலரை மைக்ரான் விலகலாகிவிடும். எங்கள் சிப்பின் பிக்சல் 15 மைக்ரான், அதை வெறும் ஆமாம்-இல்லை என்று படித்தாலே கிடைக்க வேண்டிய துல்லியம் 4.3 மைக்ரான். அளக்க வேண்டியதும் அளவைக் கெடுப்பதும் ஒரே அளவில் வந்து நிற்கிறது! அதனால் அடுக்குகளை எவ்வளவு நெருக்கி வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கினோம், 2 சென்டிமீட்டரில் விலகல் ஒரு மைக்ரானுக்குள் வந்துவிடும். ஆற்றலை 5-க்குக் கீழே இறக்காததும் இதனால்தான்.

செர்னில் 120 கிகா எலக்ட்ரான்வோல்ட் பீம் கிடைக்கும், அதில் இதே 10 சென்டிமீட்டரில் விலகல் 0.2 மைக்ரான் கூட வராது. துல்லியம் அளக்க அதுதான் சுகம் என்று நிறைய பேர் சொல்வார்கள், உண்மைதான். ஆனாலும் எனக்கு டெசிதான் பிடிக்கிறது. அலிஸில் பறக்கும் துகள்களில் பெரும்பாலானவை 1 கிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் கீழே. 1-இல் அந்த நாலரை மைக்ரான் இருபதைத் தாண்டும். பிக்சலை எவ்வளவு சின்னதாகச் செய்தாலும் டிராக்கர் கனமாக இருந்தால் அந்தத் துகள்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. குறைந்த ஆற்றல் பீமில் ஒரு வாரம் வேலை செய்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு படத்திலும் அது தெரியும்.

2020-இல் ஆல்பைட் சிப்பை வளைத்து முதலில் பீமில் வைத்துப் பார்த்ததும் இங்கேதான். சிலிக்கான் உடையும் பொருள் என்றுதான் எல்லோருக்கும் தெரியும், ஆனால் 50 மைக்ரானுக்கு இழைத்துவிட்டால் அது தாள் மாதிரி வளைந்து கொடுக்கும், வளைந்தபடியே வேலையும் செய்யும். ஐ.டி.எஸ்-3 முழுக்க இதன் மேல் நிற்கிறது. கிட்டத்தட்ட 27 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே சிப், அதை அரை உருளையாக வளைத்து மோதல் குழாயைச் சுற்றி வைப்பது, உள் அடுக்கு மையத்திலிருந்து 19 மில்லிமீட்டரில். தாங்கிக்குக் கார்பன் நுரை, குளிர்விக்கக் காற்று. தண்ணீர்க் குழாய் கிடையாது. ஒரு அடுக்கின் பொருள் இப்போது, துகளை இடறவைக்கும் பொருளை அளக்கும் அலகான கதிர்வீச்சு நீளத்தில், 0.36 சதவீதம், அது 0.09-க்கு அருகில் வந்துவிடும். இதை முதன்முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை, இப்போது இதற்காகத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன்.

புதன்

மாணவரின் கேள்விக்கு வருவோம். எங்கள் சிப்பில் 32-க்கு 32 பிக்சல்கள், ஒவ்வொன்றும் 15 மைக்ரான். ஆக, வேலை செய்யும் பரப்பு அரை மில்லிமீட்டர் சதுரம்கூட முழுதாக இல்லை. பீமோ ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலம். டெலஸ்கோப்பின் சாதாரண டிரிகரை, அதாவது ‘இப்போது பதிவு செய்’ என்ற சைகையை, நம்பினால் பதிவு செய்யும் எண்ணூறு தொள்ளாயிரம் எலக்ட்ரானில் ஒன்று மட்டும்தான் நம் சிப் வழியாகப் போயிருக்கும். வட்டு நிறையக் குப்பை சேரும்.

அப்படியென்றால் நம் சிப் சிக்னல் கொடுக்கும்போது மட்டும் பதிவு செய்யலாமே என்று தோன்றும். கூடாது. சிப் எத்தனை துகளைத் தவறவிடுகிறது என்பதுதான் கேள்வி, அது தவறவிட்டதை அதையே கேட்டால் எப்படிச் சொல்லும்? அதனால் ஒரே மாதிரி இரண்டு சிப்கள். ஒன்று டிரிகர் கொடுக்கும், இன்னொன்று பரீட்சை எழுதும். முதல் சிப் வழியாகப் போன எலக்ட்ரான் இரண்டாவதையும் தாண்டித்தான் போக வேண்டும், ஆகவே இரண்டும் ஒன்றுக்கு நேர் பின்னால் ஒன்றாக நிற்க வேண்டும், அரை மில்லிமீட்டர் சதுரத்துக்குப் பின்னால் அரை மில்லிமீட்டர் சதுரம், இடையில் சில சென்டிமீட்டர். கண்ணால் பார்த்து வைத்தால் ஒரு மில்லிமீட்டர் தப்பும், ஒரு மில்லிமீட்டர் தப்பினால் ஒன்றின் மேல் ஒன்று படியவே படியாது.

காலையிலிருந்து இதுதான் வேலை. இரண்டாவது சிப்பை மோட்டார் வைத்த நகர்மேசையில் ஏற்றியிருக்கிறோம், கேபினிலிருந்தே மைக்ரான் கணக்கில் நகர்த்தலாம். முதலில் ஒரு சிப்பை மட்டும் டிரிகராக வைத்து ஓட்டினோம், நொடிக்கு ஒன்றிரண்டு எலக்ட்ரான்தான் வரும். அந்த எலக்ட்ரான்கள் டெலஸ்கோப்பில் எங்கே பட்டன என்று திரையில் புள்ளி புள்ளியாக விழும். முதலில் ஒன்றும் புரியாது, அங்கொன்று இங்கொன்று. ஐந்து நிமிடம் ஆனதும் ஒரு இடத்தில் அடர்த்தி தெரிய ஆரம்பிக்கும், பத்து நிமிடத்தில் அதற்கு ஓரங்கள் வரும், அப்புறம் மூலைகள். சுத்தமான ஒரு சதுரம், கொஞ்சமாகச் சாய்ந்து. போர்டை மாட்டியதில் இருந்த சாய்வுகூட அப்படியே தெரிந்தது. அடுத்து மற்ற சிப்பை டிரிகராக மாற்றி அதே மாதிரி இன்னொரு சதுரம். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து, நகர்மேசைக்கு அந்த எண்ணைக் கொடுத்து, திரும்ப ஓட்டினோம்.

"அக்கா, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துடுச்சுக்கா!" என்று கேபினே அதிரும்படி கத்தினான். பக்கத்துத் தடத்தில் வேலை செய்யும் இத்தாலிக்காரர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் திரையைக் காட்டினோம், சொல்லாமலே புரிந்துகொண்டு கை குலுக்கினார்கள்.

இந்த சிப்பில் இன்னொரு அழகும் உண்டு. ஆயிரத்துச் சொச்சம் பிக்சலுக்கும் வெளியே வர ஒரே ஒரு சிக்னல் தடம். எந்த பிக்சல் என்பதை இரண்டு துடிப்புகளுக்கு இடையிலுள்ள நேரமே சொல்லிவிடும். ஆசிலாஸ்கோப் திரையில் அந்தத் துடிப்புகள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வியாழன், விடியற்காலை

இரவு ஷிஃப்ட். இப்போது ஓடுவது திரெஷோல்ட் ஸ்கேன். இந்த சிப்பில் சிக்னல் பிறக்கும் படலம் சுமார் 10 மைக்ரான்தான், எனவே ஒரு துகள் கடக்கும்போது அதில் விடுபடும் மின்னூட்டம் சில நூறு எலக்ட்ரான்கள் அளவுதான். எத்தனை எலக்ட்ரானுக்கு மேல் வந்தால் துகள் என்று எடுத்துக்கொள்வது என்பதுதான் திரெஷோல்ட். தாழ்த்தினால் ஒன்றுமில்லாமலே சிப் பேச ஆரம்பிக்கும், உயர்த்தினால் உண்மையான துகளை விட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே வசதியான அகலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெதுவான வேலை. 99 சதவீதம் பிடிக்கிறது என்பதை 0.1 சதவீதப் பிழைக்குள் சொல்ல 10,000 தடங்கள் வேண்டும். நொடிக்கு ஒன்று என்றால் ஒரு புள்ளிக்கு மூன்று மணி நேரம். ஒரு ஸ்கேனில் எத்தனை புள்ளி, எத்தனை மின்னழுத்தம், எத்தனை சிப் என்று பெருக்கிப் பாருங்கள், பீம் வாரத்தில் ஏன் யாரும் சரியாகத் தூங்குவதில்லை என்று தெரிந்துவிடும்.

வெள்ளி

பகலில் தூங்கி எழுந்து துறைமுகம் வரை போனேன். லாண்டுங்ஸ்ப்ரூக்கனில் 62-ஆம் எண் படகு, சாதாரண பஸ் டிக்கெட்டிலேயே எல்பே நதியில் ஃபின்கன்வெர்டர் வரை போய்வரலாம். கையில் ஒரு ஃபிரான்ஸ்ப்ரோட்ஷன், பட்டைத்தூளும் வெண்ணெயும் மடித்து வைத்துச் சுட்டது, ஹாம்பர்க் வந்தால் தவறவிடக் கூடாது. ஆறு மணிக்குத் திரும்பக் கேபின்.

சனி

இன்றைக்கு முக்கியமான நாள், கதிர்வீச்சு வாங்கிய சிப். லுப்ளியானாவில் உள்ள ஆய்வு உலையில் நியூட்ரான் வாங்கி, உரிய ஆவணங்களோடு முன்பே இங்கே வந்து உறைபெட்டியில் காத்திருந்தது. அறை வெப்பத்தில் விட்டால் படிகத்தில் ஏற்பட்ட சேதம் தானாக மாற ஆரம்பித்துவிடும், அப்புறம் எந்த நிலையில் இருக்கும் சிப்பை அளந்தோம் என்றே சொல்ல முடியாது. அதனால் வெளியே எடுத்த நேரத்தையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டு மாட்டினோம்.

வாங்கியிருக்கும் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁵ நியூட்ரான். ஐ.டி.எஸ்-3-க்குத் தேவை 10¹³-தான், அதைப் போல் நூறு மடங்கு. எதற்கு இவ்வளவு என்றால், இந்தத் தொழில்நுட்பத்தின் எல்லை எங்கே என்று தெரிய வேண்டும். செர்னில் அதே மோதுவியில் இருக்கும் சி.எம்.எஸ். போன்ற சோதனைகளின் உள் அடுக்குகள், மோதல்களைப் பெருக்கும் இனி வரும் உயர் ஒளிர்வுக் காலத்தில் 10¹⁶-ஐத் தாண்டும், ஒவ்வொரு கற்றைச் சந்திப்பிலும் 200 மோதல் வரை, அதுவும் 25 நானோநொடிக்கு ஒரு சந்திப்பு. அங்கே இந்த மெல்லிய சிப் தாங்காது, அவர்கள் வேறு வகை சென்சார் செய்கிறார்கள். இன்னொரு பக்கம், 91 கிலோமீட்டர் வளையமாகப் பேசப்படும் எதிர்கால எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதுவியில் கதிர்வீச்சு ஒரு பெரிய கஷ்டமே இல்லை, அங்கே கேட்பது 3 மைக்ரான் துல்லியமும் மிகக் குறைந்த எடையும். என்னைக் கேட்டால் எங்கள் வழியின் எதிர்காலம் அங்கேதான்.

சேதமான சிலிக்கானில் கசிவு மின்னோட்டம் கூடும், வெப்பம் ஏழெட்டு டிகிரி ஏறினால் அது இரட்டிப்பாகும். அதனால்தான் பெரும்பாலும் இப்படிப்பட்ட சிப்களை உறைநிலைக்குக் கீழே வைத்து அளப்பார்கள். நாங்கள் 20 டிகிரியில் வைத்து ஓட்டினோம், காற்றால் மட்டும் குளிர்விக்கும் டிராக்கருக்கு அந்த வெப்பநிலையில் கிடைக்கும் பதில்தான் வேண்டும். இரைச்சல் கூடியிருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் திரையில் சதுரம் ஓட்டை விழாமல், மூலை மழுங்காமல் முழுதாக நிரம்பிவிட்டது. எங்கள் மூத்த பொறியாளர், அதிகம் பேசாதவர், நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணை இங்கே போட முடியாது, குழுவின் ஒப்புதல் வேண்டும். எனக்கு அவ்வளவு சந்தோஷம் என்று மட்டும் சொல்கிறேன்.

திங்கள்

நேற்று முழுக்கச் சிப்பைச் சாய்த்து வைத்து எடுத்தோம். காலையில் பீமை மூடி, கறுப்புத் துணியை மடித்து, நகர்மேசையைக் கழற்றி, சிப்களை எண்ணி டப்பாவில் வைத்தாயிற்று. அடுத்த குழு வந்துவிட்டது, அவர்களுடைய பெட்டிகள் வாசலில் இருக்கின்றன. டெலஸ்கோப்பில் ஒரு அடுக்கு கொஞ்சம் இரைச்சலாக இருந்ததைச் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாவியை ஒப்படைத்தோம்.

இனிமேல்தான் நிஜமான வேலை. ஆறு அடுக்கும் உண்மையில் எங்கே நின்றன என்று தடங்களை வைத்தே மைக்ரான் கணக்கில் சரிசெய்ய வேண்டும், அது முடியாமல் துல்லியம் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. தம்பியிடம் சாய்வுக் கோணத் தரவை முதலில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். உருளையாக வளைத்த சிப்பில் துகள் பல கோணங்களில் வந்து விழும், சாய்ந்து வரும்போது ஒரே துகள் எத்தனை பிக்சலைத் தொடுகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த முறை எந்த சிப்பை எந்தக் கோணத்தில் எடுத்துவருவது என்று முடிவு செய்ய வேண்டும். அவன் ரயிலில் ஏறுவதற்கு முன்பே மடிக்கணினியைத் திறந்துவிட்டான்.